ஊர் ஊராகப் போய்ச் செய்யும் மெர்ச்சண்டைசர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 11 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் நான்கு வருடம் ரூட்டில் ஓடினேன், அப்புறம் ரீசெட் டீமில் சேர்ந்து வாரக்கணக்கில் வெளியூரில் தங்கினேன், இப்போது டீம் லீடாக ஆள் எடுக்கும் பக்கத்தில் நிற்கிறேன். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எந்த ஊரில் இருந்தாலும் இந்த வேலையின் அடிப்படை ஒன்றுதான், அதனால் பொதுவாகவே சொல்கிறேன்.

இது என்ன வேலை? கடையில் நின்று விற்கிற வேலையா?

இல்லை. விற்பனைக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, கல்லாவிலும் உட்கார மாட்டோம். பெரிய கடைகளில் எந்தப் பொருள் எந்தத் தட்டில், எத்தனை வரிசையில், எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பு நிறுவனமும் கடையின் தலைமை அலுவலகமும் பேசி முடிவு செய்கின்றன. அந்த முடிவைக் கடைக்குள் போய் நிறைவேற்றுகிற ஆள் மெர்ச்சண்டைசர். பேக்ரூமில் கிடக்கும் ஸ்டாக்கை எடுத்து அடுக்குவது, பழைய தேதி சரக்கை முன்னாலும் புதியதைப் பின்னாலும் வைப்பது, எக்ஸ்பைரி ஆனதை எடுப்பது, விலை டேக் மாற்றுவது, வரிசைக் கோடியில் டிஸ்ப்ளே கட்டுவது, சில நேரம் ஒரு வரிசை முழுவதையும் காலி செய்து பிளானோகிராம் என்கிற புதிய வரைபடத்தின்படி மறுபடி அடுக்குவது. இந்தக் கடைசி வேலைக்குத்தான் ரீசெட் என்று பெயர்.

இதில் பயணம் இரண்டு வகை. ஒன்று ரூட் வேலை. வீட்டிலிருந்து கிளம்பி ஒரு நாளில் சில கடைகள் பார்த்துவிட்டு இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். இன்னொன்று டிராவல் டீம். ஐந்து பேர், பத்து பேர் சேர்ந்து ஓர் ஊருக்குப் போய், லாட்ஜில் தங்கி, ஒரு கடையை முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர்வது. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் போடுகிறார்கள், எனவே முதல் போன் பேச்சிலேயே "மாதத்தில் எத்தனை இரவு வெளியே தங்க வேண்டியிருக்கும்?" என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் சேர்ந்து இரண்டாவது வாரமே விட்டுப் போனவர்கள் நிறையப் பேர்.

யார் வேலை கொடுக்கிறார்கள்?

பொருள் தயாரிக்கும் நிறுவனங்கள் நேரடியாக எடுக்கின்றன. விநியோகஸ்தர்கள் எடுக்கிறார்கள். கடைச் சங்கிலிகளே சொந்தமாக ரீசெட் குழு வைத்திருக்கின்றன. ரேக், ஷெல்ஃப் மாட்டிக் கொடுக்கும் இன்ஸ்டலேஷன் கம்பெனிகளும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் நடுவில், பல பிராண்டுகளுக்கும் பல கடைகளுக்கும் ஆள் அனுப்புகிற மெர்ச்சண்டைசிங் ஏஜென்சிகள் இருக்கின்றன. அனுபவமே இல்லாமல் உள்ளே நுழைய ஏஜென்சிதான் சுலபமான வாசல், ஆனால் சம்பளமும் நிரந்தரமும் குறைவு. தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த வேலை நிலையானது, அதற்குக் காலி இடம் அபூர்வமாகத்தான் வரும். என் யோசனை இதுதான்: ஏஜென்சியில் ஒரு வருடம் கற்றுக்கொள்ளுங்கள், அந்த வருடத்தில் நீங்கள் வேலை செய்யும் பிராண்டுகளின் ஆட்கள் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குச் சுத்தமாக வேலை செய்யுங்கள்.

எந்தப் பெயரில் தேடுவது?

வெறும் "மெர்ச்சண்டைசர்" என்று தேடினால் துணிக்கடை, ஏற்றுமதி ஆர்டர் கவனிக்கும் வேலை எல்லாம் கலந்து வரும், அது முற்றிலும் வேறு தொழில். ரீசெட், பிளானோகிராம், ரீமாடல், ஸ்டோர் செட்டப், ஃபீல்ட் மெர்ச்சண்டைசர், ரூட் மெர்ச்சண்டைசர், ரீட்டெயில் சர்வீஸ், டிராவல் டீம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரே ஏஜென்சி ஒரே வேலையை நான்கு பெயரில் போட்டிருக்கும்.

வேலைவாய்ப்புத் தளங்களை விட எனக்குப் பலன் தந்த வழி ஒன்று உண்டு. பெரிய கடைக்குக் காலை நேரத்தில் போங்கள். கடையின் சீருடை இல்லாமல், கழுத்தில் வேறொரு அடையாள அட்டையோடு, தரையில் முட்டி போட்டு, பக்கத்தில் ஒரு தாள்கட்டை வைத்துக்கொண்டு அடுக்குகிற ஒருவரைப் பார்ப்பீர்கள். அவர்தான் நம் ஆள். வேலை நடுவில் தொந்தரவு செய்யாமல், ஒரு தட்டை முடித்து எழும்போது எந்த ஏஜென்சி, ஆள் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். பெரும்பாலோர் சந்தோஷமாகச் சொல்வார்கள், ஏனென்றால் அந்தப் பகுதியில் ஆள் குறைந்தால் அவருக்குத்தான் வேலை கூடும். இன்னொரு ஆள், கடையின் பின்வாசலில் சரக்கு இறக்கும் இடத்தில் இருக்கும் ரிசீவிங் ஊழியர். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மெர்ச்சண்டைசரும் அவரிடம் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எந்த ஏஜென்சி ஆட்கள் ஒழுங்காக வருகிறார்கள், எந்த ஏஜென்சியில் மாதத்துக்கு ஒரு புது முகம் வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு புது முகம் என்றால் அங்கே சேர்வதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

அனுபவம் இல்லை. எடுப்பார்களா?

எடுப்பார்கள். ஆனால் "அனுபவம் இல்லை" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். கிடங்கில் சரக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறீர்களா, மருந்துக்கடையில் அடுக்கியிருக்கிறீர்களா, நூலகத்தில் எண் பார்த்துப் புத்தகம் வைத்திருக்கிறீர்களா? மூன்றுமே எண்ணைப் பார்த்துப் பொருளை அதன் இடத்தில் வைக்கிற வேலைதான். ரெஸ்யூமில் அதை அப்படியே எழுதுங்கள். "கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து பணியாற்றுவேன்" என்ற வரிகளை நான் படிப்பதே இல்லை, என்னைப் போல ஆள் எடுக்கிற வேறு யாரும் படிப்பதாகவும் தெரியவில்லை. "இரவு ஷிஃப்ட் செய்திருக்கிறேன், 20 கிலோ பெட்டி தூக்குவேன், சொந்த வண்டி இருக்கிறது, மாதம் 15 இரவு வெளியே தங்கத் தயார்" என்று நான்கு வரி இருந்தால் அன்றைக்கே போன் செய்வேன்.

பிளானோகிராம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமா?

தெரியாமல் சேரலாம், தெரியாமல் தொடர முடியாது. கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும், ஆனால் அந்த ஒரு வாரம் கவனமாக இருக்க வேண்டும்.

பிளானோகிராம் என்பது ஒரு ரேக்கின் படம். ஒவ்வொரு தட்டும் எந்த உயரத்தில் மாட்டப்பட வேண்டும், அந்தத் தட்டில் இடமிருந்து வலமாக எந்தப் பொருள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை முகம் என்பதெல்லாம் அதில் இருக்கும். முகம் என்றால், முன்னால் நின்று பார்க்கும்போது பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற எண்ணிக்கை. பின்னால் எத்தனை அடுக்கினாலும் அது கணக்கில்லை. படத்தோடு ஒரு பட்டியலும் வரும், அதில் வரிசை எண், பொருளின் பெயர், பார்கோடு எண், முகம் எத்தனை என்று இருக்கும். புதிதாகச் சேர்ந்தது எது, நீக்கப்பட்டது எது என்பது தனிப் பக்கமாக வரும். முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

தட்டின் உயரத்தைத் துளை எண்ணால் சொல்வார்கள். ரேக்கின் நிமிர்ந்த கம்பியில் மேலிருந்து கீழ்வரை சம இடைவெளியில் துளைகள் இருக்கும், பல ரேக்குகளில் ஓர் அங்குலத்துக்கு ஒன்று. "தட்டு 3, துளை 22" என்றால் கீழிருந்து 22-வது துளையில் மாட்ட வேண்டும். எது முதல் துளை? அங்கேதான் சிக்கல். என்னுடைய முதல் ரீசெட் இரவில் நான் தரைக்கு மேல் தெரிந்த முதல் துளையிலிருந்து எண்ணினேன். படம் போட்டவர்கள் அடித்தட்டுக்கு மேலிருந்து எண்ணியிருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை, கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற பயம். 12 அடி நீளத்துக்கு ஷாம்பு வரிசை, ஐந்து தட்டு, எல்லாம் அடுக்கி முடித்தபோது மணி இரண்டு. அடித்தட்டில் வைக்க வேண்டிய பெரிய பாட்டில் மட்டும் உள்ளே நுழையவில்லை. அப்போதுதான் விஷயம் புரிந்தது. மொத்தத்தையும் இறக்கி, தட்டுகளைக் கழற்றி, மறுபடி மாட்டி அடுக்கினோம். என் லீட் ஒரு வார்த்தை திட்டவில்லை, தானும் பக்கத்தில் உட்கார்ந்து இறக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே ஒரு தட்டை மாட்டி, அதற்குக் கீழே வரும் மிக உயரமான பொருளை நிறுத்திப் பார்த்து, இடம் சரி என்றால்தான் அடுத்த தட்டுக்குப் போவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்தது பார்கோடு. 13 இலக்க எண்ணோ 12 இலக்க எண்ணோ இருக்கும். ஒரே கம்பெனியின் பொருட்களுக்கு முன்பகுதி எண்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், எனவே முழுவதையும் படித்துக்கொண்டிருந்தால் கண் கெட்டுவிடும். கடைசி ஐந்து இலக்கத்தை மட்டும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரே பாட்டில், ஒரே மூடி, ஒரே பச்சை, ஒன்றில் "உலர்ந்த கூந்தல்", இன்னொன்றில் "மிக உலர்ந்த கூந்தல்" என்று பொடி எழுத்தில் இருக்கும். விளக்கு மங்கிய வரிசையில் பெயரை நம்பினால் ஏமாறுவீர்கள், எண் ஏமாற்றாது. கடைசி ஓர் இலக்கம் சரிபார்ப்பு எண், முன்னால் உள்ள எண்களை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. அதனால்தான் கையால் தட்டும்போது ஓர் எண் தவறினாலும் கருவி ஏற்காது. கருவி ஏற்கவில்லை என்றதும் "இந்தப் பொருள் சிஸ்டத்தில் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள், இன்னொரு முறை நிதானமாகத் தட்டிப் பாருங்கள். முதன்முதலாக ஒரு கடையில் இந்த வகைக் கோடு ஸ்கேன் செய்யப்பட்டது 1974-ல், ஒரு சூயிங்கம் பாக்கெட்டில். அதற்கு முன் இந்த வேலையைப் பெயரையும் அளவையும் மட்டும் படித்து எப்படிச் செய்தார்கள் என்று பல இரவு யோசித்திருக்கிறேன்.

சம்பளம் எப்படி? கட்டுப்படியாகுமா?

மணிக்கணக்கு, கடைக்கு இவ்வளவு என்ற கணக்கு, மாதச் சம்பளம் என்று மூன்று விதம் உண்டு. எந்த விதமாக இருந்தாலும் நான் ஒன்றைத்தான் வலியுறுத்துவேன்: கணக்கை உங்கள் வீட்டு வாசலில் தொடங்குங்கள், கடை வாசலில் தொடங்காதீர்கள்.

ஓர் உதாரணம். ஏஜென்சி சொல்கிறது, "ஒரு கடை, இரண்டு மணி நேர வேலை, இரண்டு மணிக்கான சம்பளம்." கடை உங்கள் வீட்டிலிருந்து 1 மணி 10 நிமிடம். போக வர 2 மணி 20 நிமிடம். முந்தின இரவு தாள்களை அச்செடுத்துப் படிக்க 20 நிமிடம், பின்வாசலில் கையெழுத்துப் போட்டு மேனேஜரைத் தேடிப் பிடிக்க 15 நிமிடம், போட்டோ ஏற்றி ரிப்போர்ட் அனுப்ப 20 நிமிடம். வேலை இரண்டு மணி. கூட்டினால் 5 மணி 15 நிமிடம். அவர்கள் சொன்ன மணிக்கூலியில் உங்கள் கைக்கு வருவது நூற்றுக்கு 38 தான், அதிலும் எரிபொருள் செலவு இன்னும் கழியவில்லை. அதே சாலையில் பத்துப் பத்து நிமிடத் தூரத்தில் மூன்று கடைகளை ஒரே நாளில் கொடுத்தால்? ஓட்டம் 2 மணி 40 நிமிடம், வேலை 6 மணி, சில்லறை வேலைகள் 2 மணி 45 நிமிடம், ஆக 11 மணி 25 நிமிடம், அதில் 6 மணிக்குச் சம்பளம், பாதிக்குச் சற்று மேல். நாள் நீளம்தான், ஆனாலும் கணக்கு எவ்வளவு மாறுகிறது பாருங்கள். ஆகவே மணிக்கூலி எவ்வளவு என்பதை விட, கடைகள் எவ்வளவு நெருக்கம், ஓட்ட நேரத்துக்குச் சம்பளம் உண்டா, கிலோமீட்டருக்கு எவ்வளவு, முதல் கடைக்குப் போகும் தூரத்தையும் கணக்கில் எடுப்பார்களா என்பவைதான் பெரிய கேள்விகள். சில இடங்களில் முதல் இத்தனை கிலோமீட்டர் உங்கள் கணக்கு என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

டிராவல் டீம் என்றால் லாட்ஜ் வாடகை யார் கட்டுவது, அறையில் எத்தனை பேர், தினப் பேட்டா எவ்வளவு, பயண நாளுக்கும் வேலை இல்லாமல் காத்திருக்கும் நாளுக்கும் பேட்டா உண்டா என்று கேளுங்கள். லாட்ஜுக்கு நீங்கள் முதலில் கட்டி, அப்புறம் திரும்ப வாங்கிக்கொள்ளும் முறை என்றால், கையில் குறைந்தது ஒரு மாதச் செலவுப் பணம் இல்லாமல் போகாதீர்கள். எனக்கு ஓர் ஏஜென்சி ஏழு வாரம் பயணப் பணத்தை நிறுத்தி வைத்தது. கிளம்பும்போதும் சேர்ந்ததும் வண்டியின் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்க வேண்டுமாம், அதை யாரும் முன்னால் சொல்லவில்லை. இன்றுவரை சாவி போட்டதும் நான் செய்யும் முதல் காரியம் மீட்டரைப் படம் எடுப்பதுதான்.

இன்னொன்று, உங்களை ஊழியராக எடுக்கிறார்களா, ஒப்பந்தக்காரராக எடுக்கிறார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தக்காரர் என்றால் வரி, காப்பீடு, விபத்துச் செலவு எல்லாம் பெரும்பாலும் உங்கள் தலையில். இரண்டும் ஒரே கூலி என்றால் அது உண்மையில் ஒரே கூலி இல்லை.

ரீசெட் வேலையில் ஒரு ஷிஃப்ட் எப்படி இருக்கும்?

பல கடைகளில் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை. லீட் வரிசைகளைப் பிரித்துக் கொடுப்பார். நீங்கள் ஒரு ரேக்கை எடுத்துக்கொண்டு, பொருட்களை வண்டியில் இறக்குவீர்கள். இறக்கும்போதே வகை பிரித்து இறக்குகிறவருக்குத் திரும்ப அடுக்கும்போது பாதி நேரம் மிச்சம், அள்ளிப் போடுகிறவர் மூன்று மணிக்கு ஒரு பாட்டிலைத் தேடி நாலு வண்டியைக் கிளறிக்கொண்டிருப்பார். தட்டைத் துடைத்து, உயரம் மாற்றி, டேக் ஒட்டி, அப்புறம் அடுக்க வேண்டும். டேக்கை முதலில் ஒட்டுங்கள், பொருள் தன் இடத்துக்கு வந்து உட்காரும். நீக்கப்பட்ட சரக்கைப் பெட்டி கட்டி எழுதி வைக்க வேண்டும். கடைசியில் முன்னால் எடுத்த போட்டோவும் இப்போது எடுத்த போட்டோவும் ஏற்றி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினால்தான் வேலை முடிந்த கணக்கு. வேலை தொடங்கும் முன் போட்டோ எடுக்க மறந்தால் அதை ஈடுகட்ட வழியே இல்லை.

என்ன கருவிகள் வேண்டும்?

பாதுகாப்புக் கத்தி, அளவு டேப், ரப்பர் சுத்தியல், இடுக்கி, தட்டை ஸ்க்ரூடிரைவர், பழைய டேக் சுரண்ட ஒரு பிளாஸ்டிக் தகடு, கையுறை, முட்டிப் பட்டை, பவர் பேங்க். முட்டிப் பட்டையில் மட்டும் காசு பார்க்காதீர்கள். கருவிகளில் உங்கள் பெயரை எழுதுங்கள், இரவு இரண்டு மணிக்கு எல்லாக் கத்தியும் ஒரே மாதிரி இருக்கும்.

உடம்பு தாங்குமா?

வயது பெரிய தடை இல்லை, என் குழுவிலேயே ஐம்பது தாண்டியவர்கள் இருக்கிறார்கள். முட்டியும் இடுப்பும்தான் பிரச்சினை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ், தூக்கும் எடைக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. எல்லாம் வசதியாக இருக்கும்போது, அதாவது பொருள் உடம்போடு ஒட்டி, திரும்பாமல், நல்ல பிடியோடு தூக்கும்போது, 23 கிலோ என்று தொடங்கி, கை நீள நீள, உடம்பு திரும்பத் திரும்ப அந்த எடையைக் குறைத்துக்கொண்டே வருகிறது. நம் வேலையில் பொருள் எப்போதும் கை நீட்டும் தூரத்தில், அடித்தட்டின் ஆழத்தில்தான் இருக்கும். ஆகவே கனமான பெட்டியைப் பிரித்து எடுத்துப் போங்கள். சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து அடித்தட்டை அடுக்குவதற்கு யாரும் உங்களைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் சொல்லட்டும்.

தூக்கம் இன்னும் பெரிய விஷயம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் கவனத்துக்குச் சமமாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலை எழுந்து பகலெல்லாம் விழித்திருந்து, இரவு ஷிஃப்ட் முடித்து, விடிகாலையில் வண்டியை எடுக்கிறவர் அந்த 17 மணியைத் தாண்டி வெகு நேரம் ஆகியிருக்கும். ஷிஃப்ட் முடிந்ததும் அடுத்த ஊருக்கு ஓட்டச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். என் குழுவில் ஒரு பையன் அப்படி ஓட்டிப் போய்ச் சாலைத் தடுப்பில் மோதினான். உயிர் பிழைத்தான், ஆனால் அவன் வலது கை இன்னும் தோளுக்கு மேல் எழுவதில்லை. அதன் பிறகு ஷிஃப்ட் முடிந்து ஆறு மணி நேரமாவது தூங்காத யாரையும் நான் ஸ்டீயரிங்கில் உட்கார விடுவதில்லை.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

நான் பார்த்த மிகச் சிறந்த இரண்டு லீட்களும் பெண்கள். கேட்க வேண்டியதைச் சேர்வதற்கு முன்பே கேளுங்கள்: அறை தனியா, பகிர்வா, பகிர்வு என்றால் யாரோடு, இரவில் கடைக்கும் லாட்ஜுக்கும் போக வரக் குழு வண்டி உண்டா, பிரச்சினை என்றால் லீடுக்கு மேலே யாரைக் கூப்பிடுவது. இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாத ஏஜென்சி, வேறு எதற்கும் தெளிவான பதில் சொல்லப் போவதில்லை.

சொந்த வண்டி கட்டாயமா?

ரூட்டுக்குப் பெரும்பாலும் ஆம். டிராவல் டீமில் குழு வண்டி இருந்தால் சமாளிக்கலாம். உங்கள் வண்டிக் காப்பீடு வேலைக்காக ஓட்டும்போதும் செல்லுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், தனிப்பட்ட உபயோகத்துக்கான பாலிசி பல நேரம் இதை ஏற்காது.

போலி விளம்பரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பயிற்சிக் கட்டணம், சீருடைக் கட்டணம், கருவிப் பெட்டிக்கு முன்பணம் என்று எது கேட்டாலும் விலகுங்கள். நேரில் வேண்டாம், போனும் வேண்டாம், சாட்டில் மட்டும் பேசி பத்து நிமிடத்தில் வேலை கொடுத்தாலும் சந்தேகப்படுங்கள். மோசமான ஒன்று காசோலை மோசடி. உங்கள் பெயருக்கு ஒரு பெரிய காசோலை வரும், "கணக்கில் போட்டு, உங்கள் சம்பளத்தை எடுத்துக்கொண்டு, மீதியைப் பொருள் வாங்க இன்னாருக்கு அனுப்புங்கள்" என்பார்கள். வங்கியில் பணம் ஏறியது போலத் தெரியும், நீங்களும் அனுப்பிவிடுவீர்கள். சில நாள் கழித்துக் காசோலை போலி என்று திரும்பும், அனுப்பிய பணம் முழுவதும் உங்கள் நஷ்டம். உண்மையான எந்த ஏஜென்சிக்கும் உங்கள் வங்கிக் கணக்கு வழியாகப் பணம் அனுப்ப வேண்டிய அவசியம் கிடையாது.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

எப்போது கிளம்ப முடியும், எத்தனை நாள் வெளியே இருக்க முடியும், இரவு வேலை சரியா, எவ்வளவு எடை தூக்குவீர்கள். நான் கூடுதலாக ஒன்று கேட்பேன்: "பட்டியலில் இருக்கிற ஒரு பொருள் கடையில் இல்லை. அந்த இடத்தை என்ன செய்வீர்கள்?" பக்கத்துப் பொருளைப் பரப்பி நிரப்பிவிடுவேன் என்கிறவருக்கு இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. டேக்கை ஒட்டி, இடத்தைக் காலியாக விட்டு, ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு, லீடிடம் கேட்பேன் என்கிறவர் அடுத்த பயணத்துக்குத் தயார். நிரப்பிவிட்டால் அந்தப் பொருள் வரவே இல்லை என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும், சரக்கு வந்தாலும் வைக்க இடம் இருக்காது.

கடைக்காரர்கள் ஒத்துழைக்காவிட்டால்?

நாம் அவர்கள் வீட்டுக்குப் போகிற விருந்தாளி. போனதும் வணக்கம் சொல்லி, எந்த வரிசை, எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் வராது. அந்தத் துறையைப் பார்க்கும் ஊழியரிடம் பேசுங்கள், பேக்ரூமில் எந்தச் சரக்கு எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். குப்பை அட்டைகளை நீங்களே மடித்துக் கொண்டுபோய்ப் போடுங்கள். அப்படியும் மேனேஜர் "இன்றைக்கு முடியாது" என்றால் வாதாடாதீர்கள். நேரம், அவர் பெயர், சொன்ன காரணம், ரேக்கின் போட்டோ, எல்லாவற்றையும் எடுத்து அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். வெளியே வந்த பிறகு செய்தால் நீங்கள் போகவே இல்லை என்றுகூடச் சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்வது?

இது பருவ வேலை. கடைகளில் கூட்டம் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் வரிசைகளைக் கலைக்க விடமாட்டார்கள், அப்போது ரீசெட் நின்றுவிடும். ஆனால் அதே வாரங்களில் ஸ்டாக் நிரப்பும் வேலையும் டிஸ்ப்ளே வேலையும் கூடும். ஆகவே இரண்டு மூன்று ஏஜென்சிகளில் பெயர் கொடுத்து வையுங்கள், போட்டி பிராண்டுகளுக்கு ஒரே நேரத்தில் வேலை செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட வேலைக்கு வராமல் இருப்பது ஒன்றுதான் இந்தத் தொழிலில் மன்னிக்கப்படாத குற்றம். லீட்கள் ஏஜென்சி விட்டு ஏஜென்சி மாறுவார்கள், ஆனால் யார் வந்தார், யார் வரவில்லை என்ற ஞாபகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்குக் கிடைத்த நல்ல வேலைகளில் பாதி, பழைய லீட் ஒருவர் புது இடத்துக்குப் போய் "அந்த ஆளைக் கூப்பிடு" என்று சொன்னதால் கிடைத்தவை.

முதல் பயணத்துக்கு முந்தின நாள் என்ன செய்ய வேண்டும்?

தாள்களை அச்செடுத்து நீக்கியவை, புதியவை பக்கத்தைப் படியுங்கள். கடையின் முகவரியை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், ஒரே பெயரில் இரண்டு கிளை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கடை எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். லீடின் நம்பரைப் போனில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதிப் பையில் வையுங்கள். மாற்று உடை, இரண்டு ஜோடி சாக்ஸ், தண்ணீர். இரவு ஷிஃப்ட் என்றால் அன்று பிற்பகல் திரையை இழுத்துவிட்டு, தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிப் படுத்திருங்கள். கிளம்பும்போது வண்டி மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.